சுள்ளியின் பெரிய பூட்ஸ்

செவ்வந்தி என்ற நரி பேரம் பேசுவதில் கெட்டிக்காரி. அந்தக் காட்டில் அதை ஏமாற்றியவர் யாரும் கிடையாது. அப்படிப்பட்ட நரி ஒரு தடவை தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டது. எப்படி என்று கேளுங்கள்.

அந்த மலைக்காட்டில் ஒரு குளம் இருந்தது. குளிர்காலம் வந்தால் கல்லாக உறைந்துவிடும். உடனே மிருகங்கள் எல்லாம் அடியில் இரும்புத் தகடு வைத்த பூட்ஸை மாட்டிக்கொண்டு, அதன் மேல் சறுக்கி ஆடும். நரிக்கு நாலு காலாயிற்றே, நாலுக்கும் பூட்ஸா என்று குறுக்கே கேட்காதீர்கள். பின்னங்காலில் நின்றுதான் ஆடும்.

குளத்தின் ஒரு மூலையில் ஊற்று உண்டு. அங்கே மட்டும் பனிக்கட்டி மெல்லிசு. ஏறினால் உடையும். அதனால் குளத்துக்குக் காவல் இருந்த நாரை ஒரு சட்டம் போட்டிருந்தது. குளம் உறைந்த முதல் நாள், ஆட ஆசைப்படும் குட்டிகள் வந்து ஒற்றைக் காலில் சுற்றிக் காட்ட வேண்டும். "நில்" என்றதும் நிற்க வேண்டும். நின்றால் குளிர்காலம் முழுக்க ஆடலாம். நிற்காவிட்டால் அடுத்த குளிர்காலம் வரை கரையில் உட்கார வேண்டியதுதான்.

செவ்வந்தியின் மகள் சுள்ளிக்கு இந்த ஆட்டம் என்றால் பைத்தியம். கோடை முழுக்கப் பாசி படிந்த பாறை மேல் ஒற்றைக் காலில் சுற்றியது. விழுந்து, எழுந்து, கடைசியில் நினைத்த இடத்தில் நிற்கவும் பழகிவிட்டது. அதற்கு வேண்டியது ஒரு ஜோடி பூட்ஸ், அவ்வளவுதான்.

தாயும் மகளும் முள்ளம்பன்றியிடம் போனார்கள். அதன் பெயர் ஊசியப்பன். தன் முதுகு முள்ளையே ஊசியாக்கிப் பூட்ஸ் தைக்கும். சிடுமூஞ்சி.

சுள்ளிக்கு ஒரு ஜோடியை மாட்டிவிட்டு, "முட்டியை மடக்கி நில்லு," என்றது. "குதிகால் தூக்குதா?"

"இல்லை மாமா. கெட்டியா இருக்கு."

"விரல் இடிக்குதா?"

"லேசா உரசுது. வலிக்கலை."

"அப்போ இதுதான் உன் அளவு."

செவ்வந்தி பக்கத்தில் இருந்த பெரிய ஜோடியைத் தூக்கிப் பார்த்தது. "இது என்ன விலை, அண்ணே?"

"எல்லாம் ஒரே விலை. ஒரு கூடை பழம்."

"ரெண்டும் ஒரே விலைன்னா, பெரிசை விட்டுட்டுச் சின்னதை எடுக்க எனக்கென்ன கிறுக்கா? வளர்ற பிள்ளை. அடுத்த வருஷமும் ஆகும்."

"தாயி, இது நடக்கிற செருப்பு இல்லை. கால் ஒரு பக்கம், பூட்ஸ் ஒரு பக்கம் போச்சுன்னா நிக்க முடியாது."

"நுனியில பஞ்சு அடைச்சுக்கிறோம்."

ஊசியப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தது. வாசலில் இன்னும் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "எனக்கென்ன, உங்க இஷ்டம்," என்று பெரியதையே கட்டிக் கொடுத்துவிட்டது.

வீட்டில் போட்டுப் பார்த்ததும் சுள்ளியின் முகம் வாடிவிட்டது. "அம்மா, குதிகால் உள்ளே ஆடுது."

"கயித்தை இறுக்கிக் கட்டு, சரியாயிடும். ஒரே விலையில ரெண்டு வருஷத்துக்கு வாங்கியிருக்கேன், தெரியுமா?" செவ்வந்திக்கு அன்று இருந்த பெருமை சொல்லி மாளாது. பஞ்சைத் தானே பார்த்துப் பார்த்து அடைத்தது. பாசத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

முதல் நாள் வந்தது. சுள்ளி குளத்தில் இறங்கியது. கயிறு இறுக்கியதில் கால் மரத்துப்போயிருந்தது. ஆனாலும் சமாளித்து ஓடியது. ஒற்றைக் காலைத் தூக்கிச் சுற்றியது. கரையில் இருந்தவர்கள் "பலே" என்றார்கள்.

"நில்," என்றது நாரை.

சுள்ளி காலைத் திருப்பியது. கால் திரும்பியது. பூட்ஸ் திரும்பவில்லை. பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்க, கணுக்கால் மடங்க, சுள்ளி ஊற்று மூலையைப் பார்த்துச் சறுக்கிக்கொண்டே போனது.

"நில்லு கண்ணு! நில்லுடி!" என்று செவ்வந்தி அலறியது.

பனிக்கட்டி படபடவென்று விரிசல் விட்டது. ஒரு கால் உள்ளே இறங்கியது. நல்ல வேளை, தொளதொள பூட்ஸ் காலை விட்டுக் கழன்று தண்ணீருக்குள் போய்விட்டது. சுள்ளி முன்னங்கால் நகங்களை ஊன்றித் தவழ்ந்து தவழ்ந்து கரைக்கு வந்து சேர்ந்தது.

செவ்வந்தி அதைக் கட்டிக்கொண்டு அழுதது. பிறகு நாரையிடம் கெஞ்சியது. "அவளுக்கு நல்லா வரும் ஐயா. பூட்ஸ்தான் பெரிசு. இன்னொரு வாட்டி பாருங்க."

"ஒத்தைக் காலில் சுத்தின அழகைப் பார்த்தேன், செவ்வந்தி. எனக்கும் மனசு கேட்கலைதான்," என்றது நாரை. "ஆனா அவளுக்கு ஒரு சட்டம், மத்தக் குட்டிகளுக்கு ஒரு சட்டம்னு என்னால வைக்க முடியாது."

செவ்வந்தியின் கோபம் ஊசியப்பன் பக்கம் திரும்பியது. "நீங்களாவது அழுத்திச் சொல்லியிருக்கலாமே, அண்ணே."

"சொல்லியிருக்கணும்," என்றது ஊசியப்பன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க சுள்ளி கரையில் உட்கார்ந்திருந்தது. மற்றக் குட்டிகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அம்மாவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செவ்வந்திக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

அடுத்த குளிர்காலம் வந்தது. மூலையில் கிடந்த ஒற்றை பூட்ஸை சுள்ளி எடுத்து மாட்டிப் பார்த்தது. குதிகால் ஆடவில்லை. விரல் லேசாக உரசியது. கச்சிதமாக இருந்தது.

செவ்வந்தியின் கணக்கு கொஞ்சமும் தப்பவில்லை. அதன் ஜோடிதான் குளத்துக்கு அடியில் கிடந்தது. போன குளிர்காலமும் போயே போய்விட்டது.

செவ்வந்தி மறுபடி ஒரு கூடை பழத்தோடு ஊசியப்பனிடம் போனது. இந்தத் தடவை பேரம் பேசவில்லை. "இவ காலுக்கு இன்னைக்கு எது சரியோ, அதைக் கொடுங்க," என்றது.

முதல் நாள் நாரை "நில்" என்றது. சுள்ளி நின்றது.

பிள்ளையின் நாளைக்குச் சேர்த்துவைக்கிறேன் என்று அதன் இன்றைய பொழுதைப் பறித்துவிடக் கூடாது, ஏனென்றால் பிள்ளை ஆடப்போவது இன்றைய காலால்தான்.