எண்ணுகிற கை

முன்னொரு காலத்தில், விரல்விட்டு எண்ணுவதைக் குற்றமாக்கிய ராஜா ஒருவர் இருந்தார். தூண்டியவர் அரண்மனைப் பாடசாலையின் சோமாசி பண்டிதர். விகடகவி மாறன் சொல்லிச் சேர்த்த தச்சர் வீட்டுப் பூவாயி, விரல்விட்டு எண்ணித் தம் பேரனை முந்திக்கொண்டு விடை சொன்னது அவருக்குப் பொறுக்கவில்லை. “விரல் மந்தபுத்தியின் அடையாளம், மகாராஜா” என்று ஓதினார். “எண்ணுகிற கை யாருடையதாயினும் கட்டப்படும்” என்று ஆணை பிறந்தது.

மாறன் பாடசாலைக்குப் போனபோது, ஆறு வயதுப் பூவாயியின் மணிக்கட்டு கயிற்றில் சிவந்திருந்தது.

“மாமா, நாளைக்கு ஏழும் எட்டும் எத்தனன்னு கேப்பாராம். தப்பாச் சொன்னா வரவே வேணாமாம். விரலைப் பாக்காம எனக்கு வரமாட்டேங்குது.”

மாறனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த வயதில் எண் என்பது தொட்டு, மடக்கி, நீட்டிப் பார்க்கிற பொருள். பலநூறு முறை தொட்ட பிறகுதான் அது தலைக்குள் குடியேறும். வாசலை அடைத்துவிட்டு, ஏன் உள்ளே வரவில்லை என்று அதட்டுகிறார்களே!

அன்று பிற்பகல் சபையில் முதிய பாடகர் நல்லபெருமாள் பாடினார். மூன்று மாதமாகச் சங்கீதம் பயிலும் ராஜா, தொடையில் தட்டிச் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று தாளம் போட்டார். மாறன் கயிற்றோடு வந்து நின்றான்.

“எண்ணுகிறீர்கள், மகாராஜா. தங்கள் ஆணை.”

சொன்ன சொல்லை மீற முடியாமல் ராஜா கைகளை நீட்டினார். மாறன் கட்டினான். வாயால் எண்ணிப் பார்த்தும், இரண்டாம் சுற்றிலேயே தாளம் தவறியது.

பண்டிதர் சிரித்தார். “பாடகரைக் கட்டிப் பாரும். தேர்ந்த மூளைக்குக் கை வேண்டாம்.”

கட்டினான். நல்லபெருமாள் இம்மியும் பிசகவில்லை.

“அந்த மூளை எப்படித் தேர்ந்தது, ஐயா?” என்று மாறன் அவரையே கேட்டான்.

“ஐந்து வயதில் தட்டத் தொடங்கினேன். தொடை சிவக்கச் சிவக்கப் பன்னிரண்டு வருஷம். இப்போது கை சும்மா இருந்தாலும், உள்ளே ஒரு கை தட்டிக்கொண்டே இருக்கிறது.”

“தாங்கள் பயில்வது மூன்று மாதம், மகாராஜா. பூவாயி எண் படிப்பது மூன்று வாரம். அவள் கையை ஏன் கட்டினீர்கள்?”

பண்டிதர் தலைகுனிந்தார். ராஜா வாய்விட்டுச் சிரித்தார். “ஆணை ரத்து. உனக்குப் பொற்கடகம் தருகிறேன். இதை அவிழ்.”

“பிள்ளைகளின் கட்டு முதலில் அவிழட்டும்.”

ராஜா கட்டிய கைகளோடே பாடசாலைக்கு நடந்தார். அவருடைய கட்டைப் பூவாயிதான் அவிழ்த்தாள், எத்தனை முடிச்சு என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே.