பாதியில் நின்ற சரம்

அந்தக் காலத்தில் கண்ணுக்குத் தெரியாதவைகூடப் பேசிக்கொண்டிருந்தன. அப்போது ஒரு குட்டையில் ஓர் உயிரணு மிதந்துகொண்டிருந்தது. அது ஒரு வீடு. வீட்டின் நடுவே எண்ணெயால் ஆன ஒரு சுவர். சுவருக்கு அப்பால் ஓர் உள்ளறை. வீட்டைவிட்டு வெளியே போகிறவர்கள் அந்த உள்ளறை வழியாகத்தான் போகவேண்டும்.

சுவருக்கு இப்பால் கோதையம்மாள் மணி கோத்துக்கொண்டிருந்தாள். இருபது வகை மணிகள். நொடிக்கு ஐந்து மணி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் கோத்த சரம் ஒவ்வொன்றும் ஒரு புரதம். கோத்து முடிந்ததும் அது தானாக மடிந்து, தன் வடிவத்துக்கு வந்துவிடும்.

அந்தக் கோடையில் குட்டை வற்றத் தொடங்கியது. வீட்டைச் சுற்றிப் போர்வை நெய்யாவிட்டால் எல்லாரும் காய்ந்துபோவார்கள். வெளியே போய் நெய்வதற்கென்று கோதையம்மாள் ஒருத்தியைக் கோத்தாள். முந்நூற்றுப் பத்து மணிகள். ஒரு நிமிடமும் இரண்டு நொடியும் ஆயிற்று. விட்ட கணத்தில் அவள் அழகாகச் சுருண்டுகொண்டாள். அதனால் அவள் பெயர் சுருளி.

சுருளி மிதந்து மிதந்து உள்ளறை வாசலுக்குப் போனாள். வாசலில் புழையன் காவல்.

"ஏ சுருளி, இந்த உடம்போடவா வந்தே? இது நூல் நுழையிற வாசல். பந்து உருட்டுற இடமில்லே."

"கொஞ்சம் அகட்டேன் மாமா. வயித்தை எக்கிக்கிட்டு வந்துடறேன்."

"உனக்கு ஏதடி வயிறு!"

சிரித்தபடியே புழையன் வாசலை ஒரு மயிரிழை அகட்டினான். உள்ளே சேர்த்துவைத்திருந்த சுண்ணாம்புச் சத்து குபுக்கென்று வெளியே பாய்ந்தது. வீடே நடுங்கியது. கோதையம்மாள் கையிலிருந்து இரண்டு மணிகள் உதிர்ந்தன. புழையன் பதறிச் சாத்தினான்.

"இன்னொரு தரம் திறந்தா நாம யாருமே இல்லே, தாயி."

சுருளி தன்னை அவிழ்த்துப் பார்த்தாள். ஒரு மடிப்பு பிரிந்தால் இன்னொரு மடிப்பு இறுகியது. வெளியே தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பி வந்தபோது கோதையம்மாள் அடுத்தவளைக் கோக்கத் தொடங்கியிருந்தாள். இருபத்திரண்டு மணிகள் தலைநீட்டியிருந்தன. சுருளி அந்தத் தலையை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்தும்மா."

"பாதியிலயா? என் கை நிக்காதுடி."

"முடிச்சா இவளும் என்னைப்போலச் சுருண்டுடுவா. வாசலுக்கு வா. மிச்சத்தை அங்கே வச்சுக் கோத்துக்கோ."

கோதையம்மாளின் கை முதன்முதலாக நின்றது.

தலையைப் பிடித்தபடி சுருளி முன்னே போனாள். சரத்தோடு கோதையம்மாளும் போனாள். வாசலில் சுருளி பிடியை விட்டாள். கை மறுபடி ஓடியது. மணி மணியாக, சுருளாத நூலாக, தங்கை உள்ளே வழுக்கிப் போனாள். முதல் இருபத்திரண்டு மணிகள் மட்டும் எண்ணெய்ச் சுவரை விடமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டன. புழையன் அவற்றை நறுக்கிவிட்டான். மிச்சமெல்லாம் உள்ளே சேர்ந்து, அங்கேதான் மடிந்தன.

"அக்கா, நீ வரலையா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"நீ போய் நெய். இங்கே அடுத்தவ தலைநீட்டுறா."

குட்டை வற்றுவதற்குள் போர்வை நெய்தாயிற்று.

அன்று முதல்தான், வீட்டைவிட்டு வெளியே போகவேண்டிய புரதம் முழுதாகும் முன்பே ஒருத்தி ஓடிவந்து அதன் தலையைப் பிடித்துக் கோப்பதை நிறுத்துகிறாள். வாசல்வரை கொண்டுவிட்டுத் திரும்பிவிடுகிறாள். உள்ளறை எப்படி இருக்கும் என்று அவள் இன்றுவரை பார்த்ததில்லை.