மூன்று கொட்டகைக்கும் ஒரே கம்பளி

பனிமலை முகாமில் சிப்பாய்களுக்குக் கொட்டகை மூன்று. கம்பளி இருந்ததோ ஒரு கொட்டகைக்குத்தான். முகாமைப் பார்வையிட வந்தார் செனட்டர் பலராமையா. ராணுவத்தைக் கேள்வி கேட்பதே பாவம் என்று முப்பது வருஷம் பேசிய பழமைவாதி. ராணுவத்தைக் கண்காணிக்கும் குழுவுக்கும் அவரேதான் தலைவர்.

"மூணு கொட்டகையிலும் கம்பளி தெரியணும். இல்லேன்னா உன் வேலை போச்சு," என்றார் கர்னல், கிடங்குக்காரன் சூசையிடம்.

செனட்டர் ஒவ்வொரு கொட்டகையிலிருந்தும் முன்வாசல் வழியே வெளியேற, சூசையும் சிப்பாய்களும் கம்பளிகளைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியே அடுத்த கொட்டகைக்கு ஓடினார்கள்.

மூன்றாவது கொட்டகையில் செனட்டர் குழம்பினார். "இந்தக் குளிரில் எல்லாருக்கும் ஏன் வியர்க்கிறது?"

"கம்பளி அவ்வளவு சூடு, சார்!" என்றார் கர்னல்.

"ஆமாங்கய்யா," என்றான் சூசை. "ஆனா போர்த்திப் படுத்தா சூடு வராதுங்க. தூக்கிட்டு ஓடினாத்தான் வரும்."

செனட்டர் திருதிருவென்று விழித்தார். திரும்பிப் போய் முதல் கொட்டகையைத் திறந்தார். வெறும் கட்டில்கள்.

"அப்போ இத்தனை வருஷமா நான் பார்த்த முகாமெல்லாம்?"

"அங்கேயும் யாராச்சும் ஓடியிருப்பாங்கய்யா."

செனட்டர் வெறும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாருக்கும் கம்பளி வரும்வரை எழுந்திருக்க மாட்டேன். கர்னல், உமது அறையில் இருக்கும் கம்பளியிலிருந்தே ஆரம்பியும்."