நாலு கதவு

பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலந்துகொண்டிருந்த வெயிலுமுத்துவுக்கு வலது கையில் இரண்டு விரல்தான் மிச்சம். மருந்து அறை வெடித்து ஒன்பது வருஷம் ஆகியும், தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டால் தெருமுனைக்கு ஓடிவிடுவார். மனைவி பேச்சி அடுப்பை அணைத்த பிறகுதான் வீடு திரும்புவார். ஒன்பது வருஷமாக ஆறிப்போன சோறு.

பள்ளிக்கூடச் சுவர்களில் படம் வரையும் எஸ்தர் டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார். இவரைவிட இருபது வயது இளையவள்.

“டீச்சரம்மா, இந்தப் பயம் போகணும். பேச்சி கையால ஒருவாய் சுடுசோறு திங்கணும். படம் போட்டா சரியாகும்னு சொல்றாங்க. நெசமா?”

“எனக்குத் தெரியாது அண்ணாச்சி. என் வீட்டுப் பின்சுவர் சும்மாதான் கிடக்கு. அந்த நெருப்பைப் போடுங்க.”

இடது கையால் பிரஷ் பிடித்தார். சாயங்காலத்துக்குள் சுவர் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும். இண்டு இடுக்கு பாக்கியில்லை. பிரஷைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

எஸ்தர் சுவரைப் பார்த்தாள்.

“அந்த அறைக்குக் கதவு கிடையாதா?”

“நாலு பக்கமும் நாலு கதவு. மருந்து அறைன்னா அப்படித்தான் கட்டுவாங்க. எந்தப் பக்கமும் ஓடலாம்ல.”

“படத்துல ஒண்ணையும் காணோமே.”

அதன்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டு மறுபடி வரையச் சொன்னாள்.

இரண்டாவது படத்தில் நாலு கதவும் வந்தன. வெயிலுமுத்து பல்லைக் கடித்தார்.

“இதுல ரெண்டை மறிச்சு மூட்டை அடுக்கி வச்சிருந்தான் அந்த முதலாளிப் பய. அதுலதான் என் கூட்டாளி கந்தையா வெந்து போனான்.”

“மூட்டையையும் போடுங்க.”

“முதலாளிய மன்னிச்சாத்தான் மனசு ஆறும்னு ஒரு சாமியார் சொன்னாரு.”

“அவருக்குக் கையில எத்தனை விரல்?”

“பத்து.”

“அப்ப அவரு சொல்லுவாரு. நீங்க முதலாளியையும் போடுங்க.”

வெயிலுமுத்து அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தார்.

வாரம் ஒரு சுண்ணாம்பு, வாரம் ஒரு படம். வேப்பமரம் வந்தது. சாப்பாட்டுத் தூக்கு தொங்கும் கந்தையாவின் சைக்கிள் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு காரைவிட்டு இறங்காமலே இருந்த முதலாளி வந்தான். தலைவிரிகோலமாக ஓடிவரும் பேச்சி வந்தாள்.

எட்டாவது வாரம் பிரஷை வீசிவிட்டு வந்தார்.

“கெடுத்துட்டேன் டீச்சரம்மா. எல்லாத்தையும் போட்டதுல நெருப்பு உள்ளங்கை அளவுதான் வந்திருக்கு. பொய்ப் படம். அழிச்சிருங்க.”

எஸ்தர் சுண்ணாம்பு வாளியைத் தொடவில்லை.

“முதல்ல ஒரு டீ போடுங்க அண்ணாச்சி. என் கை பூரா பெயிண்ட்.”

கோபத்தோடு அடுப்படிக்குள் போனார். தீப்பெட்டியை இரண்டு விரலால் இடுக்கி, இடது கையால் உரசினார். குச்சி பற்றியது. அதன் பிறகுதான் அவருக்கே உறைத்தது. கால் ஓடவில்லை. அடுப்பும் பற்றிக்கொண்டது.

“பேச்சீ! ஏ பேச்சீ!” இரண்டு தெரு தள்ளியிருந்த மனைவிக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். “உலைய வைடீ! அடுப்பப் பத்தவைக்க நான் வாரேன்!”

டீயோடு வெளியே வந்து சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அவ்வளவு பெரிய நெருப்பு எப்படி டீச்சரம்மா இத்துனூண்டு ஆச்சு?”

எஸ்தர் டீயை ஊதிக்கொண்டே சொன்னாள்:

“நெருப்பு அதே அளவுதான் அண்ணாச்சி. முதல் படத்தை நீங்க உள்ளே நின்னு போட்டீங்க.”