மூன்று பிடி புல் கேட்ட எருமை

ஒரு காட்டில் சாலை கிடையாது, வண்டி கிடையாது, ஆனாலும் யாரும் நடந்து போவதில்லை. ஏனென்றால் அங்கே தடியப்பன் இருந்தது. தடியப்பன் ஓர் எருமைக்கடா. அதன் முதுகு நல்ல கட்டில் அளவுக்கு அகலம்.

காலையில் மருத மரத்தடியில் வந்து நின்றுகொண்டு அது கூவும்: "சுனை, சந்தை! சுனை, சந்தை! ஏறு ஏறு, உடனே கிளம்புது!"

உடனே என்றால் உடனே இல்லை, குழந்தைகளே. முதுகு நிறைய வேண்டும். முயல் ஏறும், உடும்பு ஏறும், கறுத்த முகமும் வெளுத்த உடம்புமாக மந்தியம்மா ஏறும்.

"அதான் நிறைஞ்சுபோச்சே, போகலாமே" என்று முயல் சொல்லும்.

"கொஞ்சம் தள்ளி உட்காரு. இன்னும் நாலு பேர் தாராளமா உட்காரலாம்" என்று தடியப்பன் சொல்லும்.

கொம்புக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று என்று ஏற்றிக்கொண்டு, கடைசியாக ஓர் ஓணான் வால் நுனியில் தொங்கிய பிறகுதான் அது முதல் அடி எடுத்து வைக்கும்.

சவாரிக்குக் கூலி ஒரு பிடி புல். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. இறங்கும் இடம் வந்ததும் வால் வழியாகச் சறுக்கி இறங்குவார்கள். முன்னால் வந்து தடியப்பன் வாயில் ஒரு பிடியைத் திணிப்பார்கள். போய்க்கொண்டே இருப்பார்கள். அந்தப் புல்லிலேயே தடியப்பனுக்குத் தொப்பை விழுந்தது. மேயும் பழக்கமே விட்டுப்போயிற்று.

அந்தக் காட்டுக்குத்தான் பென்குயின்கள் வந்து சேர்ந்தன.

எப்படி வந்தன என்கிறீர்களா? பனிக்கட்டிமேல் படுத்துத் தூங்கியவை கண் விழித்துப் பார்த்தால் நம் கடற்கரை. அவற்றுக்கே அவ்வளவுதான் தெரியும். பனிக்கட்டியைக் கேட்கலாமென்றால் அது கரைந்துபோயிற்று. திரும்பிப் போக வழியில்லாமல், அருவிக்குப் பின்னால் இருந்த சில்லென்ற குகையில் குடியேறிவிட்டன.

அவற்றில் நூக்கி என்ற பென்குயினுக்குப் பிப்பு என்று ஒரு குஞ்சு. பிப்பு மீனைத் தவிர வேறெதையும் தின்னாது. மீன் இருக்கும் சுனையோ மேட்டுக்கு அந்தப் பக்கம். வெயில் ஏறினால் மீனெல்லாம் பாறைக்கு அடியில் பதுங்கிவிடும். நூக்கியின் நடைக்குச் சுனை போய்ச் சேர மதியமாகிவிடும். அதனால் பிப்புவைத் தூக்கிக்கொண்டு மருத மரத்தடிக்கு வந்தது.

"சுனைக்குப் போக எவ்வளவுங்க?" என்று மரியாதையாகக் கேட்டது.

தடியப்பனின் இரண்டு காதுகளும் நிமிர்ந்தன. பிறந்ததிலிருந்து அதனிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்கிறது என்றால் வழக்கம் தெரியாது. தெரியாது என்றால் நாம் சொல்வதுதான் கூலி. அடேயப்பா, இப்படி ஓர் இன்பம் உலகத்தில் இருக்கிறதா என்று அதற்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது.

"மூணு பிடி புல்" என்றது.

"அப்படியே ஆகட்டுங்க" என்று நூக்கி ஏறிக்கொண்டது.

அன்று முதல் விடிந்ததும் நூக்கி அலகால் புல் அறுக்கத் தொடங்கியது. பென்குயின் அலகு புல்லுக்குப் படைத்ததா? ஒரு பிடி சேர்ப்பதற்கே கழுத்து சுளுக்கிக்கொண்டது. மூன்று பிடி சேர்த்துச் சுனைக்குப் போனால் பாதி மீன் பதுங்கியிருக்கும். பிப்பு அரை வயிற்றோடு முனகும். தடியப்பன் அதைப் பார்த்தது. பார்த்துவிட்டு மென்றுகொண்டே வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

ஒரு நாள் இறங்கும்போது நூக்கி கவனித்தது. முயல் ஒரு பிடி கொடுத்தது. உடும்பு ஒரு பிடி. மந்தியம்மாவும் ஒரு பிடிதான். யாரும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் நூக்கியும் வாயைத் திறக்கவில்லை. ஒரு பிடியைத் திணித்துவிட்டு அசைந்து அசைந்து நடந்தது.

"நில்லு, நில்லு. இன்னும் ரெண்டு பிடி எங்கே?"

"எல்லாரும் ஒண்ணுதானே கொடுத்தாங்க?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ வெளியிலிருந்து வந்தவள், அதனால்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லத் தடியப்பனுக்கு நாக்கு எழவில்லை. அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னது.

"கறுப்பும் வெள்ளையுமா இருக்கிறவங்களுக்கு மூணு பிடி. ரெண்டு நிறம்னா பாரம் அதிகம்."

"ரெண்டு நிறத்துக்கு ரெண்டு பிடிதானே வரணும்?"

"கறுப்புக்கு ஒண்ணு, வெள்ளைக்கு ஒண்ணு. ரெண்டும் ஒட்டுற இடத்துக்கு ஒண்ணு."

மந்தியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நூக்கி அதை ஏற இறங்கப் பார்த்தது.

"அப்போ இந்த அம்மாவுக்கும் மூணு பிடிதானுங்களே? முகம் கறுப்பு, உடம்பு வெள்ளை."

சிரிப்பு நின்றது. தடியப்பன் யோசித்தது. அப்படிப் பார்த்தால் இன்னும் நிறையப் புல் வருமே என்று அதற்கு எச்சில் ஊறியது.

"ஆமாம் மந்தியம்மா, எடுங்க இன்னும் ரெண்டு பிடி. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அதற்கப்புறம் தடியப்பனைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த சவாரியில் எல்லாரும் ஏறியதுமே கூலியைச் சொல்லத் தொடங்கியது. கரடிக்கு மார்பில் வெள்ளைக் கோடு, மூன்று பிடி. முள்ளம்பன்றிக்கு முள்ளுக்கு முள் கறுப்பு வெள்ளை. "எண்ணிப் பார்த்தா எங்கேயோ போகும், பழகின முகமாச்சேன்னு மூணோடு விடறேன்" என்றது. முயல் முழு வெள்ளைதான். ஆனால் அதன் கண்ணுக்குள் கறுப்பு இருந்தது.

"என் கண்ணுக்குக் கூலியா?" என்று முயல் குதித்து இறங்கியது. அதன் பின்னால் கரடி இறங்கியது. மந்தியம்மா இறங்கியது. கடைசியாக வால் நுனியை விட்டுவிட்டு ஓணானும் போயிற்று.

மறுநாள் காலை தடியப்பன் மருத மரத்தடியில் நின்று கூவியது. "சுனை, சந்தை! உடனே கிளம்புது!" யாரும் வரவில்லை. முதுகு நிறையாமல் கிளம்பிப் பழக்கமில்லையே, அதனால் அங்கேயே நின்றது. நின்றபடியே தூங்கிப்போயிற்று. அந்த மரத்தின் உச்சியில் கொக்குகள் குடும்பம் குடும்பமாக இருந்தன. எல்லாம் கீழே எதையும் பார்க்காமல் தங்கள் காலைக்கடனை முடித்துக்கொண்டன. அங்கே இவ்வளவு நேரம் நின்று பழகாத தடியப்பனுக்கு அது தெரியாது.

பசியில் கண் விழித்தது. புல் கொடுக்க ஆளில்லை, மேயவும் மறந்துவிட்டது. தள்ளாடித் தள்ளாடிச் சந்தைக்குப் போயிற்று. அங்கே முள்ளம்பன்றி புல் கட்டு விற்றுக்கொண்டிருந்தது. தடியப்பன் வாழ்நாளில் புல்லை விலைக்கு வாங்கியதில்லை.

"ஒரு கட்டு எவ்வளவு?" என்று கேட்டது.

முள்ளம்பன்றியின் முள்ளெல்லாம் நிமிர்ந்தன. "கொம்பால கிளறி மூணு கிழங்கு எடுத்துத் தரணும்."

"இப்போ ஓர் ஆடு ஒரே கிழங்கு கொடுத்துட்டு வாங்கிப் போச்சே?"

"ஆடு கறுப்பு. நீங்க கறுப்பும் வெள்ளையும். எங்க ஊர்ச் சட்டமுங்க."

"நான் முழுக் கறுப்பு!"

"தொட்டித் தண்ணியில பாருங்க."

பார்த்தது. கொக்குகளின் கைங்கரியத்தில் கொம்பிலிருந்து வால் வரை திட்டுத் திட்டாக வெள்ளை. யாரோ அசலூர் எருமை ஒன்று தண்ணீருக்குள்ளிருந்து திருதிருவென்று விழித்தது. முள்ளம்பன்றிக்கு ஆளை அடையாளம் தெரிந்ததா இல்லையா என்பது அதற்கே வெளிச்சம்.

அப்போது தடியப்பனின் முழங்காலை யாரோ தட்டினார்கள். குனிந்து பார்த்தால் நூக்கி. நடந்தே சுனைக்குப் போனதில் மீனெல்லாம் பதுங்கிவிட்டது. சந்தையில் நாரையின் மீன் கடையில் மிச்சம் மீதி கிடைக்குமா என்று வந்திருந்தது. அதன் பாதங்களின் மேல் பிப்பு சோர்ந்து கிடந்தது.

"ஊருக்குப் புதுசுங்களா?" என்று நூக்கி காதோடு காதாகக் கேட்டது. "எவ்வளவுன்னு மட்டும் கேட்டுடாதீங்க அண்ணே. கேட்டா மூணு சொல்லுவாங்க. பேசாம ஒண்ணைக் கொடுத்துட்டு நடந்துடுங்க. நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டது."

தடியப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நான்தான் அந்த எருமை என்று சொல்ல வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நேராகச் சுனைக்குப் போய் விழுந்து, தேய்த்துத் தேய்த்துக் குளித்தது. பிறகு கரையில் தடுமாறித் தடுமாறி, கன்றுக்குட்டி மாதிரி மேயக் கற்றுக்கொண்டது.

மறுநாள் மருத மரத்தடியில் புதிதாக ஒரு கூவல் கேட்டது. "சுனை, சந்தை! யாரா இருந்தாலும் ஒரு பிடி! கேட்டாலும் ஒரு பிடி, கேட்காட்டியும் ஒரு பிடி!"

முதலில் முயல் எட்டிப் பார்த்தது. பிறகு ஒவ்வொருவராக ஏறினார்கள். நூக்கியும் ஏறியது. பாதி முதுகு காலியாக இருந்தபோதே தடியப்பன் கிளம்பிவிட்டது. வெயில் ஏறுமுன் சுனை வந்தது. பிப்பு தொண்டை வரை மீன் தின்றுவிட்டு அங்கேயே மல்லாந்து தூங்கியது.

ஒரு பிடி புல்லைக் கொடுத்துவிட்டு நூக்கி போகவில்லை, நின்றது.

"நேத்து சந்தையில ஒரு வெளியூர்க்காரரைப் பார்த்தேனுங்க. உங்க மாதிரிதான், ஆனா கறுப்பும் வெள்ளையும். பாவம், ஒண்ணும் தெரியல. அவர் ஏற வந்தா அவர்கிட்டயும் ஒரு பிடிதான் வாங்கணும், சரிங்களா?"

"சரிம்மா" என்றது தடியப்பன்.

நீதி: ஆளைப் பார்த்துக் கூலி கேட்காதே, நீ அந்நியனாக நிற்கும் இடமும் ஒன்று உண்டு.