சேறுவாய்க்காரர்கள் ஊர் அமைத்த விதம்

சேறுவாய் என்ற ஊரை ஆடி வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஊர்க்காரர்கள் கரையில் நின்று, ஊர் எப்போது திரும்பி வரும் என்று மூன்று நாள் பார்த்தார்கள். வரவில்லை.

அரசர் இரக்கப்பட்டு, ஊர் அமைப்பதில் கைதேர்ந்த சிற்பி வயிரவனாரை அனுப்பினார். அவர் ஒரு மேட்டைக் காட்டி, ஊர்த்தலைவன் கொழுந்தப்பனிடம் சொன்னார்: "நடுவிலே கோயில். சுத்தி நாலு தெரு. கயிறு பிடிச்சுத் தெருவைப் போடுங்க. எல்லா வாசலும் கிழக்கே பார்க்கட்டும். மழைக்கு முன்னாடி வந்து பார்ப்பேன்."

கொழுந்தப்பனுக்கு அவசரம். மனைவி மருதாயிக்கு ஐப்பசியில் பேறுகாலம். அதற்குள் ஒரு கூரை வேண்டுமே! அன்றைக்கே கயிற்றின் ஒரு முனையைத் தான் பிடித்தான். மறுமுனையைத் தம்பி மாசாணனிடம் கொடுத்தான்.

இரண்டு நாள் பிடித்தபடி நின்றார்கள்.

"அண்ணே, தெரு வந்துச்சா?"

"இன்னும் இல்லடா. கெட்டியாப் பிடி."

மூன்றாம் நாள் மாசாணனுக்குக் கை மரத்துப்போனது. "பிடிக்கணும்னுதானே சொன்னாரு? நாமதான் பிடிக்கணும்னு சொன்னாரா?" என்று கேட்டுவிட்டு, கயிற்றை ஓர் எருமையின் கழுத்தில் கட்டினான். எருமை புல்லைத் தேடி மேட்டைச் சுற்றியது, வளைந்தது, நெளிந்தது, கடைசியில் ஆற்றங்கரைச் சேற்றில் போய்ப் படுத்துக்கொண்டது. கயிறு போன வழியெல்லாம் தெரு போட்டார்கள். எருமை படுத்த இடத்தில் கோயில் கட்டினார்கள். அதைச் சுற்றி வீடுகள்.

அடுத்து வாசல். எது கிழக்கு என்று சபை கூடியது.

"சூரியன் இருக்கிற பக்கம்" என்றான் மாசாணன். யாருக்கும் மறுப்பில்லை. காலையில் அந்தப் பக்கம் வாசல் வைத்தார்கள். சாயங்காலம் பார்த்தால் கிழக்கு எதிர்ப்பக்கம் போயிருந்தது! காலை வாசலை அடைத்து, பின்சுவரை இடித்தார்கள். விடிந்ததும் மறுபடி அதே வேலை. உச்சிப்பொழுதில் கூரையைப் பிரித்தார்கள்.

"வலி எடுத்தா மருத்துவச்சி எந்த வழியா வருவா?" என்று உள்ளேயிருந்து மருதாயி கத்தினாள்.

"காலையிலேன்னா இப்படி, சாயங்காலம்னா அப்படி" என்றான் கொழுந்தப்பன் அக்கறையாக. "மத்தியானம்னா ஏணி வைக்கிறேன்."

மத்தியானம்தான் வலி எடுத்தது. மருத்துவச்சி ஏணியில் இறங்கினாள். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம்.

வானம் கறுத்த நாளில் வயிரவனார் பரிசலில் வந்து இறங்கினார். இறங்கிய இடத்திலேயே ஊர் இருந்தது.

"ஆத்துக்கு இத்தனை பக்கமாவா? மழை வர்றதுக்குள்ளே ஊரைத் தள்ளி வையுங்கடா!" என்று கத்திவிட்டு, அதே பரிசலில் ஏறிப் புறப்பட்டார்.

ஊரே திரண்டு சுவர்களில் தோள் கொடுத்தது. தள்ளிக்கொண்டே கொழுந்தப்பன் ஆற்றைத் திரும்பிப் பார்த்தான். பரிசல் தூரத்தில் தெரிந்தது. இன்னும் மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். பரிசல் கொட்டைப்பாக்கு அளவு ஆனது.

"நகருதுடா!" என்று அவன் கண் கலங்கினான்.

மறுபடி பார்த்தபோது பரிசலையே காணோம். கொழுந்தப்பன் கையை உயர்த்திக் கத்தினான்.

"நிறுத்துங்கடா! ரொம்பத் தூரம் தள்ளிட்டோம்!"

எல்லோரும் அலறிக்கொண்டு மறுபக்கம் ஓடினார்கள்; அங்கிருந்து ஊரைத் திருப்பித் தள்ளத் தொடங்கினார்கள்.

"மெதுவாடா, மெதுவா!" என்றான் கொழுந்தப்பன். "ஆத்துக்குள்ளே விட்டுடப் போறோம்."