கோழி வயிற்றில் திருகை வந்தது எப்படி

அந்தக் காலத்தில், ஆடும் கோழியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, கோழி வாசற்படியைத் தாண்டியதே இல்லை. வெளியே பருந்து சுற்றியது. உள்ளே வீட்டுக்காரி வெள்ளையம்மாளின் திருகை சுற்றியது. விடிந்ததும் அவள் கம்பு திரிப்பாள். ஓரத்தில் சிந்தும் மாவைக் கோழி தின்னும். மாவையே தின்று வளர்ந்ததால் அதன் வயிறு ஈரத்துணி போல மெல்லியதாக இருந்தது. அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, கோழிக்கும்தான்.

ஒரு கோடையில் கோழி குஞ்சு பொரித்தது. அதே வாரம் திருகை மழுங்கிவிட்டது. குழியில் போட்ட கம்பு முழுசாகவே வெளியே வந்து விழுந்தது.

“என்னக்கா, இன்னைக்கு மாவு இல்லையா?” என்று கேட்டது கோழி.

“கல்லு வழுக்குதடி. கல்லு கொத்துற சடையன் சந்தை முடிஞ்சுதான் இந்தப் பக்கம் வருவான். அதுவரைக்கும் நாங்க அவிச்சுத் தின்னுக்கிறோம்.”

“எங்களுக்கு?”

“உனக்கு வேற தனியா அவிக்கணுமா? முழுசாத் தின்னு.”

தின்றன, தாயும் குஞ்சுகளும். தின்ற கம்பு தின்றபடியே பின்னால் வந்து விழுந்தது. சில நாளிலேயே குஞ்சுகளுக்கு நெஞ்செலும்பு துருத்திக்கொண்டது. கடைக்குட்டி நிற்க மாட்டாமல் சுவரில் சாய்ந்துகொண்டது.

கோழி படியில் நின்று, முற்றத்தில் கட்டியிருந்த ஆட்டைக் கூப்பிட்டது. “நீ மட்டும் எப்படி முழுத் தானியம் தின்கிறே?”

“பல்லு இருக்கு, மெல்லுறேன். உன் வாயிலே என்ன இருக்கு?”

“பேச்சுத்தான் இருக்கு.”

“அப்போ அதையே குஞ்சுக்குக் கொடு,” என்று சொல்லிவிட்டு ஆடு அசைபோடத் தொடங்கியது.

சந்தை முடிந்து சடையன் வந்தான். திருகையை முற்றத்துப் பூவரசின் கீழ் புரட்டிப்போட்டு, உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்தான். சில்லுகள் தெறித்தன. கோழி கழுத்தை நீட்டியது.

“ஏண்ணே, மாவு அரைக்கிற கல்லைப் போய் உடைக்கிறீங்க?”

“உடைக்கலை ஆத்தா, பல்லு வைக்கிறேன். கல்லா இருந்தா மட்டும் போதாது. வழுவழுன்னு இருந்தா தானியம் நழுவிடும். சொரசொரன்னு இருந்தாத்தான் கடிக்கும்.”

“அந்தப் பல்லு எனக்குக் கிடைக்குமா?”

“ஏன் கிடைக்காது? தரையெல்லாம் சிதறிக் கிடக்கே, பொறுக்கிக்கோ.”

அவன் கேலியாகத்தான் சொன்னான். கோழி கடைக்குட்டியைப் பார்த்தது. வானத்தைப் பார்த்தது, பனைக்கு மேலே பருந்து நின்றது. பிறகு படியைத் தாண்டிக் குதித்து, உளிக்குப் பக்கத்தில் கிடந்த சில்லுகளை ஒவ்வொன்றாக விழுங்கியது.

வெள்ளையம்மாள் ஓடிவந்தாள். “ஐயையோ, கல்லைத் தின்னுதே! அடியே, செத்துப்போவே!”

கோழி அசையாமல் நின்றது. உள்ளே கரகரவென்று ஏதோ உருண்டது. காலையில் தின்ற கம்பு நொறுங்கத் தொடங்கியிருந்தது. அது குரல் கொடுத்துக் குஞ்சுகளை வெளியே அழைத்தது. நடக்க முடியாத கடைக்குட்டிக்கு மட்டும் பொடிச்சில்லை அலகில் எடுத்துப்போய் ஊட்டியது. மறுநாள் சாயங்காலம் அந்தக் குஞ்சு எழுந்து நின்று, அண்ணன் வாயிலிருந்த கம்பைப் பிடுங்கியது.

கொத்திய திருகை மறுபடி மாவு கொடுத்தது. “உள்ளே வாடி,” என்றாள் வெள்ளையம்மாள்.

“உன் கல்லு இன்னொரு தடவை மழுங்கினா நான் என்ன பண்றது?” என்றது கோழி.

ஆனால் கோழியின் கல்லும் மழுங்கியது. அது சடையனைத் தேடிப் போய், “அண்ணே, என்னுதையும் கொத்திவிடுங்க,” என்றது.

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “உனக்குள்ளே எப்படியம்மா உளியை விடுறது? தேஞ்சதை வெளியே தள்ளு. புதுசைத் தேடிக்கோ.”

அதனால் கோழி தினமும் வெளியே போக வேண்டியிருந்தது. போன இடத்தில் புல்லும் புழுவும் வண்டும் கிடைத்தன. அவற்றையும் கல் அரைத்தது. கல்லைப் புரட்டிப் புரட்டி வயிற்றுச் சுவர் தடித்தது. நார் தின்று குடல் நீண்டது. அந்த மாதமே பருந்து ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போயிற்று. கோழி ஒரு பகல் முழுக்கக் கத்தியது. அடுத்த நாள் விடிந்ததும் மற்றக் குஞ்சுகளோடு படியைத் தாண்டியது.

மேய்ந்த கோழியை அறுப்பவர் கைக்கு வயிற்றில் கெட்டிச் சதையும் அதற்குள் கல்லும் தட்டுப்படுவதற்கும், கூட்டிலேயே மாவு தின்ற கோழிக்கு அந்தச் சதை இளைத்துக் கிடப்பதற்கும் காரணம் இதுதான். கிண்ணம் நிறையத் தீவனம் இருந்தாலும் கோழி மண்ணைக் கிளறி ஒரு கல்லைப் பொறுக்கிக்கொள்கிறதே, அது அந்தக் கோடையில் தொடங்கிய வழக்கம்.